எட்டு மாதம் சேராத இரண்டு வாக்கியங்கள்

அன்புள்ள ஐயா,

'மனிதர் எல்லாரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே அவரும் இறப்பவர்.' இதில் முடிவு முதல் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறதே! தர்க்கம் புதிதாக எதையும் தருவதில்லை, புதிய அறிவெல்லாம் உள்ளுணர்விலிருந்துதான் என்று சொல்லிவிடலாமா? இனி அனுமானத்தை, அதாவது தெரிந்ததிலிருந்து தெரியாததை வருவிப்பதை, இயந்திரங்களே பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள்.

க.

அன்புள்ள க.,

கடிதங்களுக்கு நான் உடனே பதில் எழுதுகிறவன் அல்ல. சில வாரங்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததையே நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் இன்றே எழுதுகிறேன்.

இயந்திரத்தை விடுங்கள். உங்கள் கேள்வி பழையது. சாக்ரடீஸையும் சேர்த்துக்கொள்ளாமல் 'எல்லாரும்' என்று எப்படிச் சொன்னீர்கள் என்று 1843-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் மடக்கினார். அவருக்கு வெகுகாலம் முன்பே, கண்ணால் கண்டதை மட்டுமே நம்பிய நம் நாட்டுச் சார்வாகர்கள், புகை இருந்தால் நெருப்பும் இருக்கும் என்கிறீர்களே, எல்லா இடத்துப் புகையையும் நெருப்பையும் யார் போய்ப் பார்த்தது என்று கேட்டு அனுமானத்தையே தள்ளிவிட்டார்கள். ஆனால் மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறியும் வழியான அளவை இரண்டே என்று சுருக்கும்போதுகூட, நேரில் காணும் காட்சிக்குப் பக்கத்தில் கருத்தளவையை, அதாவது அனுமானத்தை, விடாமல் வைத்துக்கொள்கிறார். அதை யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அரிஸ்டாட்டில் சொல்லும் ஒரு சின்ன உதாரணம். கோவேறு கழுதை ஈனாது என்று ஒருவனுக்குத் தெரியும், முன்னால் நிற்பது கோவேறு கழுதை என்பதும் தெரியும், ஆனாலும் அது சினையாக இருக்கிறது என்று அவன் நினைத்துவிட முடியும், ஏனென்றால் இரண்டையும் அவன் சேர்த்து நினைக்கவில்லை.

அந்த மனிதன் நான்தான். பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்த காலம். நீரிழிவின் அறிகுறிகளை வருஷா வருஷம் பலகையில் எழுதிப் போடுவேன்: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, ஆறாத புண். அதே மாதங்களில் வீட்டில் அப்பா ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்தார், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், சட்டை அவர் தோளில் தொங்க ஆரம்பித்தது, காலில் ஒரு புண்ணுக்கு நானே மருந்து போட்டுவிட்டேன். எட்டு மாதம்! ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். அன்று சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனேன், இருந்தும் அப்பாவுக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

முடிவு உள்ளேயே இருந்ததாம். இருந்தது, சரி, ஆனால் எனக்குத் தெரிந்திருந்ததா? அந்தப் பெண் எனக்கு நீரிழிவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ புதிதாக ஒரு தகவலும் தரவில்லை, ஆனால் என் வாழ்க்கையில் அதைவிடப் புதிய ஒன்றை நான் அறிந்துகொண்டதே இல்லை. இதை உள்ளுணர்வு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என் உள்ளுணர்வு அந்த எட்டு மாதமும், வயசாகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

உங்கள்மேல் கோபமும் இருக்கிறது. ஒரு நிரூபணத்தையாவது தாளும் பேனாவுமாக உட்கார்ந்து முதலிலிருந்து செய்து பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். செய்யாமலே தர்க்கத்தை ஒதுக்குவது சோம்பேறித்தனம், உங்கள் வயதில் அது கூடாது. யூக்ளிடிலிருந்து ஆரம்பியுங்கள். பகா எண்கள் ஏதோ ஓர் இடத்தில் முடிந்துவிடுகின்றன என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணை உங்கள் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை, மிச்சத்தை நீங்களே முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.