கணினிக் கேள்வி பதில்: பதிப்பு சொல்லும் கருவிக்கு விளக்கக் குறிப்பு

கேள்வி: ஐயா, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். கணினியில் நிறுவியுள்ள மென்பொருள் கிட்களின் (நிரல் எழுத உதவும் கருவித் தொகுப்புகளின்) பதிப்புகளை, தாமே நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்குத் தெரிவிக்கும் சிறு கருவி ஒன்றை எங்கள் குழு உருவாக்கியுள்ளது. அதன் விளக்கக் குறிப்பில் எவற்றை எழுத வேண்டும்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கருவியின் பெருமையை இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, அது தரும் வெளியீட்டின் வடிவத்தை விரிவாக எழுதுங்கள். குறிப்பில் தெளிவில்லாவிட்டால், ஏஜென்ட் தன் பயிற்சித் தரவில் கண்ட பழைய பதிப்புக்கே நிரல் எழுதத் தொடங்கிவிடக்கூடும். ஜாவா கிட்டில், பதிப்பைக் கேட்கும் ஒற்றைக் கோடிட்ட ‘-வெர்ஷன்’ கட்டளை விடையைப் பிழைச் செய்திகளுக்குரிய தடத்தில் அனுப்புகிறது. ஜாவா 9-இல் வந்த இரட்டைக் கோடிட்ட ‘--வெர்ஷன்’ கட்டளையோ வழக்கமான வெளியீட்டுத் தடத்தில் அனுப்புகிறது. உங்கள் கருவி இரண்டு தடங்களையும் படிக்கிறதா என்பதைச் சொல்லியாக வேண்டும். 1.10 என்பது 1.9-க்குப் பிந்தையது, வெறும் எழுத்துகளாக ஒப்பிட்டால் இது தலைகீழாகிவிடும் என்பதால், எண்களாகப் பிரித்து ஒப்பிடும்படி குறிப்பிடுங்கள். நிறுவிய பதிப்பும் திட்டத்துக்குத் தேர்வாகும் பதிப்பும் வேறாக இருக்கலாம், மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கிட்டில் ‘குளோபல்.ஜேசன்’ என்ற அமைப்புக் கோப்பைக் கொண்டு அத்தேர்வைக் கட்டுப்படுத்தலாம். ஆகவே இரண்டையும் வெளியீட்டில் தனித்தனிப் புலங்களில் (பெயரிட்ட இடங்களில்) தருவதே முறை. கிட் இல்லாதபோது வெற்று விடை வருமா, பிழைக் குறியீடு வருமா என்பதையும் மாதிரி வெளியீட்டுடன் காட்டுங்கள். குறிப்பைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம் (உங்கள் பகுதியில் இரண்டுக்கும் வாசகர் உண்டு). புலப்பெயர்களை மட்டும் கருவி அச்சிடும்படியே விட்டுவிடுங்கள்.