வேக்குவம் போட்டால் சாம்பார் ஆறு மாதம் தாங்குமா?

கேள்வி: மகன் வெளிநாட்டில் படிக்கிறான். பையிலிருந்து காற்றை உறிஞ்சி மூடும் வேக்குவம் சீலர் ஒன்று வாங்கியிருக்கிறேன். சாம்பாரை அதில் அடைத்துக் கொடுத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமல் ஆறு மாதம் இருக்குமா? கடையில் விற்கும் பாக்கெட் மட்டும் எப்படி ஒரு வருடம் தாங்குகிறது?

பதில்: சாம்பாரை அப்படி அடைக்கவே அடைக்காதீர்கள். காற்றை எடுத்தால் பூஞ்சை அடங்கும், எண்ணெய் சிக்கடிப்பது தள்ளிப்போகும். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா காற்று இல்லாத இடத்தில்தான் வளரும். சமையலில் கொதிக்கும் சூட்டுக்கெல்லாம் அதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் அதன் வடிவங்கள், சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு உயிரையே பறிக்கும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கடைப் பாக்கெட்டின் ரகசியம் ரிட்டார்ட் என்ற முறை. பல அடுக்குப் பையில் அடைத்து மூடிய பிறகு, நடுப்பகுதி வரை சுமார் 121 டிகிரி சூடு ஏறும்படி நீராவி அழுத்தத்தில் வேகவைப்பார்கள். மைசூரில் உள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் ராணுவத்துக்காக இந்த முறையில் உணவுகளை உருவாக்கியிருக்கிறது. வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய அந்தச் சூட்டை எட்டும், உண்மைதான். ஆனால் பையின் நடுவில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வழியில்லை. அழுத்தம் இறங்கும்போது பையும் உப்பிப் பிய்ந்துவிடலாம்.

இனி வருவது என்ன? மைக்ரோவேவ் மூலம் உள்ளிருந்தே வேகமாகச் சூடேற்றும் முறைக்கு 2009இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சூடு ஏறும் நேரம் குறைவதால் காய் குழையாது. எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். காற்றழுத்தத்தைப் போல 6,000 மடங்கு அழுத்தம் கொடுக்கும் முறையும் இருக்கிறது, பழச்சாற்றுக்கு அருமை. ஆனால் அந்த அழுத்தம் மட்டும் வித்துகளைக் கொல்லாது என்பதால் ஃபிரிட்ஜை விட முடியாது. உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கும் முறையில் உணவு பல ஆண்டு தாங்கும். செலவுதான் கையைக் கடிக்கும்.

சரி, உங்கள் சீலர் வீணா? இல்லை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நன்றாகக் காய்ந்த வற்றல் எல்லாவற்றையும் தாராளமாக அடையுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் அந்த பாக்டீரியாவுக்கு வேலையில்லை. புளிக்காய்ச்சலைப் புளியும் உப்பும் தூக்கலாகப் போட்டு, எண்ணெய் பிரியச் சுண்டவைத்துக் கொடுங்கள். புளிப்பும் அந்த பாக்டீரியாவுக்கு ஆகாது. போய்ச் சேர்ந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். புளிப்பே சேர்க்காமல் எண்ணெயில் ஊறும் பூண்டு மட்டும் வேண்டாம், அதுவும் சாம்பார் கதைதான்.

சாம்பாருக்குப் பொடியைக் கொடுத்துவிடுங்கள். பருப்பை அவனே வேகவைத்துக்கொள்ளட்டும்.