பழைய வீட்டை 62 லட்சத்துக்கு வாங்கி, பழுதுபார்க்க 18 லட்சம் செலவழித்து, 100 லட்சத்துக்கு விற்றால் 20 லட்சம் மிஞ்சுமா?

மிஞ்சாது. உங்கள் கணக்கில் பழைய வீட்டின் விலையும் பழுதுச் செலவும் மட்டும்தான் இருக்கின்றன. அந்த 62 லட்சமும் கடன் என்கிறீர்கள். ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் 6 மாதத்துக்கே 3.72 போய்விடும். பத்திரச் செலவு, தரகு, வரி சேர்த்து 8 என்று வையுங்கள். பழுதுச் செலவில் 15 சதவீதம் கூடுதலாக ஒதுக்கினால் 2.7. கையில் நிற்பது 5.58 மட்டுமே. விற்பனை 3 மாதம் தள்ளிப்போய், விலையில் 5 குறைத்தால் நஷ்டம்தான்.

இந்தத் தொழிலில் பலர் பின்பற்றும் 70 சதவீதக் கணக்குப்படி, விற்பனை மதிப்பில் 70 சதவீதத்திலிருந்து பழுதுச் செலவைக் கழியுங்கள்: 52. வீட்டுக்கு அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுவதே நல்லது. அந்த 100 கூட, பக்கத்தில் அண்மையில் உண்மையாகவே விற்ற இதேபோன்ற 3 வீடுகளின் விலையாக இருக்க வேண்டும். விளம்பர விலையை நம்பாதீர்கள்.

சுவரடியில் ஈரம் ஏறியிருப்பதாகச் சொன்னீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் சில மாதங்களில் உப்புப் பூத்து உரியும். குழாய்க் கசிவா, மழைநீர் தேங்கலா, தரையிலிருந்து ஏறும் ஈரமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். வேலையில் கூரை, குழாய், வயரிங் முதலில். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட்.