தஞ்சம் கேட்டு போறவங்கள நாட்டுக்கு வெளியவே மறிக்கிறாங்களே, இது எப்படி? வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: விசா செக் பண்றது இமிகிரேஷன் வேலைதானே, ஏர்லைன்காரங்க ஏன் ஏறவே விடமாட்டேங்கிறாங்க?

ஃபைன் விழும், அதான். பிரிட்டனையே எடுத்துக்கோங்க, 83 கலவரத்துக்கு அப்புறம் தமிழர்கள் அங்க தஞ்சம் கேட்டு போக ஆரம்பிச்சதும் 1985ல இலங்கைக்காரங்களுக்கு விசா கட்டாயம்னு கொண்டுவந்தாங்க, காமன்வெல்த் நாடுகள்ல முதல்ல மாட்டுனது இலங்கைதான். அடுத்து 1987ல ஒரு சட்டம், சரியான பேப்பர் இல்லாத ஒருத்தர ஏத்திட்டு வந்தா கம்பெனிக்கு 1000 பவுண்ட் ஃபைன். இந்த மாதிரி சட்டம் இப்போ ஐரோப்பா முழுக்க இருக்கு. கவுண்டர்ல நிக்கிறவருக்கு அகதி சட்டம் தெரியணும்னு அவசியமே இல்ல, பேப்பர் இருக்கா இல்லையா அவ்ளோதான் பாப்பார். உயிருக்கு பயந்து ஓடுறவங்க எந்த ஆபீஸ்ல போய் வரிசைல நிப்பாங்க சொல்லுங்க?

கேள்வி: நடுக்கடல்ல மறிச்சு திருப்பி அனுப்புனா எந்த சட்டம் செல்லும்?

யார் மறிச்சாங்கங்கறத பொறுத்தது. ஆபத்து இருக்கற இடத்துக்கு அகதிய திருப்பி அனுப்பக்கூடாதுன்னு 1951 அகதிகள் ஒப்பந்தத்தோட 33வது பிரிவு சொல்லுது. ஆனா ஹைத்தில இருந்து வந்தவங்கள அமெரிக்கா கடல்லயே புடிச்சு திருப்பி அனுப்புன கேஸ்ல, அந்த பிரிவு நடுக்கடலுக்கு பொருந்தாதுன்னு 1993ல அவங்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, பிளாக்மன்னு ஒரே ஒரு நீதிபதிதான் எதிர்த்தார், அவர் சொன்னதுதான் சரின்னு நான் இன்னைக்கும் நினைக்கறேன். ஐரோப்பாவுல நேர்மாறா போச்சு: 2009ல இத்தாலி சோமாலியா, எரித்ரியா ஆளுங்கள கடல்ல புடிச்சு லிபியாவுல கொண்டுபோய் விட்டுச்சு, 2012ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட், ஆள் உங்க கப்பல்ல உங்க கட்டுப்பாட்டுல இருந்தா பொறுப்பும் உங்களோடதுதான்னு அடிச்சு சொல்லிடுச்சு. சரி, நம்ம கப்பல்ல ஏத்துனாதானே பிரச்சனைன்னு 2017ல இத்தாலி லிபியாவோட ஒப்பந்தம் போட்டு படகும் ட்ரெய்னிங்கும் குடுத்து அவங்க கோஸ்ட் கார்டையே மறிக்க வச்சாங்க. புடிபட்டவங்க போய் சேர்ற லிபியா சென்டர்கள்ல சித்திரவதை நடக்குதுன்னு ஐநாவே பலதடவ சொல்லியாச்சு. படகு குடுத்துட்டு பொறுப்பு மட்டும் எங்களோடது இல்லைங்கறத என்னால ஏத்துக்கவே முடியல.

கேள்வி: ஐரோப்பாவுக்கு போறவங்கள தடுத்து நிறுத்த துருக்கி ஏன் ஒத்துக்குச்சு?

ஐரோப்பிய ஒன்றியத்தோட போட்ட 2016 டீல்ல அங்க இருக்கற அகதிகளுக்குன்னு 600 கோடி யூரோ, கூடவே துருக்கிக்காரங்களுக்கு விசா இல்லாம போகலாம்னு ஒரு வாக்குறுதி. அது நடக்கல. 2020ல கோவம் வந்தப்போ கிரீஸ் பக்கம் போறவங்கள தடுக்க மாட்டோம்னு துருக்கி சொல்லிடுச்சு, பிடி யார் கைல இருக்குன்னு அப்போ தெரிஞ்சுச்சு.

கேள்வி: ருவாண்டா, அல்பேனியா ரெண்டும் ஒரே திட்டம்தானா?

இல்லவே இல்ல. தஞ்சம் கேட்டு வந்தவங்கள ருவாண்டாவுக்கு அனுப்பற பிரிட்டன் திட்டத்துல கேஸ விசாரிக்கறதும் அந்த நாடு, ஜெயிச்சாலும் அங்கதான் இருக்கணும். 2023 நவம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் சட்டவிரோதம்னுச்சு, 2024ல புது அரசு கைவிட்டுடுச்சு. கடல்ல புடிச்சவங்கள அல்பேனியாவுல வச்சு விசாரிக்கற இத்தாலி திட்டத்துல நிலம் மட்டும்தான் அல்பேனியாவோடது, சட்டம், ஆபீசர், ஜட்ஜ் எல்லாம் இத்தாலி, அதனாலதான் ரோம் கோர்ட்டால அத உடனே மறிக்க முடிஞ்சுது.

கேள்வி: அப்போ எம்பசிலயே தஞ்சம் கேட்டு அப்ளை பண்ணிட்டு போகலாமே?

பொதுவா முடியாது. சிரியா குடும்பம் ஒண்ணு பெய்ரூட்ல பெல்ஜியம் எம்பசில விசா கேட்டுச்சு, ஐரோப்பிய சட்டப்படி குடுக்கணும்னு கட்டாயம் இல்லன்னு 2017ல லக்சம்பர்க்ல இருக்கற ஐரோப்பிய ஒன்றிய கோர்ட் சொல்லிடுச்சு. தஞ்சம் கேக்க அந்த மண்ண மிதிக்கணும், மிதிக்கற எல்லா வழியும் அடைச்சாச்சு. பக்கத்து நாட்டுக்கு போய்ட்டா ஐநாவோட அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர்ல பதிவு பண்ணிடுங்க, வேற நாட்டுல குடியேத்தறதுக்கு அவங்கதான் பேர் அனுப்புவாங்க, இடம் ரொம்ப கம்மி. அதுக்கு காசு எதுவும் கிடையாது, காசு கேட்டா அது மோசடி, தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க.