துணியில் லேசர் வேலைப்பாடு: இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

உயர்தரப் பரீட்சையில் பொறியியல் தொழில்நுட்பப் பிரிவில் தோற்றிய உங்கள் மகள், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் இந்த இடைவெளியில், துணிகளில் லேசரால் வேலைப்பாடு செய்யும் தொழிலைத் தொடங்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கனடாவிலுள்ள அவருடைய மாமா இயந்திரத்துக்குப் பணம் அனுப்பச் சம்மதித்துவிட்டார் என்றும், "படித்த பிள்ளை கடைசியில் தையற்கடைக்கா போவது" என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தெரிந்தெடுத்த துறையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம்.

லேசர்க் கதிர் துணியில் எந்த மையையும் சேர்ப்பதில்லை. மேற்பரப்பில் இருப்பதைச் சுட்டு நீக்குவதே அதன் வேலை. டெனிம் துணியில் நெடுக்காக ஓடும் பாவு நூல்கள் மட்டுமே அவுரி நீலத்தில் தோய்க்கப்படுகின்றன, குறுக்காக ஓடும் ஊடை நூல்கள் வெள்ளையாகவே விடப்படுகின்றன. பாவு நூலிலும் சாயம் வெளிப்புறத்தில் மட்டுமே படிந்திருக்கும். அந்த மெல்லிய நீலப் படையைக் கதிர் ஆவியாக்கும்போது உள்ளேயிருக்கும் வெள்ளை வெளிப்பட்டு, வரைந்த பூவோ கோலமோ எழுத்தோ துணியில் தோன்றுகிறது. கதிரின் வலு கூடினால் நூல் கருகி, இரண்டு முறை துவைத்ததும் அந்த இடம் கிழிந்துபோகும். குறைந்தால் கோடு கண்ணுக்கே தெரியாது. இவற்றுக்கு இடைப்பட்ட அளவு ஒவ்வொரு துணிக்கும் வேறுபடுவதால், அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இந்தத் தொழிலில் மதிப்பு.

பெரிய ஆடை நிறுவனங்கள் லேசருக்கு மாறியதற்கு அழகு மட்டும் காரணமன்று. புதிய ஜீன்சைப் பழையதாகக் காட்டுவதற்கு மணலை வேகமாக அடிக்கும் முறையினால் தொழிலாளரின் நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்து பலர் இறந்தனர். துருக்கி 2009இல் அந்த முறையைத் தடைசெய்தது. 2018இல் ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம், கைவேலையாக நடந்த இந்த இறுதிக்கட்டத்தை ஏறத்தாழ 90 விநாடிகளில் லேசரால் முடிக்கும் திட்டத்தை அறிவித்தது. அத்தகைய ஆலையில் பொத்தானை அமத்துபவரை எளிதில் மாற்றிவிடலாம். தொடையில் எங்கே வெளிற வேண்டும், முழங்காலில் சுருக்கம் எப்படி விழ வேண்டும் என்பதைக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் படமாகக் கணினியில் வரைந்து கொடுப்பவரை அப்படி மாற்ற முடியாது. உங்கள் மகள் குறிவைக்க வேண்டியது அந்த இடத்தை.

யாழ்ப்பாணத்தில் முதல் வாடிக்கையாளர் யாராக இருப்பார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய மாணவர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், வடக்கின் பெரும் சமர் எனப்படும் பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டிக்கு ரி-சேட் அடிப்பவர்கள் என்று சொல்லக்கூடும். அங்கேதான் கணக்குத் தவறும். விளையாட்டு ரி-சேட்டுகளில் மிகப் பெரும்பான்மை பொலியெஸ்டர். அது ஏறத்தாழ 250 முதல் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் பொருள். கதிர் பட்ட இடம் இறுகிப் பளபளத்து, தோலில் உரசும். அந்தச் சந்தையை அச்சிடுபவர்கள் மலிவாகவே நிறைவேற்றிவிடுகிறார்கள். அதே உருகும் தன்மை வெட்டும் வேலையில் நன்மையாக மாறும்: பாடசாலைச் சின்னம், வீரரின் இலக்கம், பெயர் ஆகியவற்றைப் பொலியெஸ்டர்த் துணியில் லேசரால் வெட்டினால் விளிம்பு தானாக உருகி மூடிக்கொள்வதால் நூல் பிரியாது, பிறகு ரி-சேட்டில் வைத்துத் தைத்துவிடலாம். செயற்கை இழையாலான சாறிச் சட்டைகளின் கைகளில் துளைவேலை செய்வதற்கும் இதுவே வழி. வெள்ளைப் பருத்தியிலோ கதிர் தருவது மங்கிய பழுப்பு நிறம்தான். அதில் பெரும்பகுதி துவைக்கும்போது போய்விடும். கூறைச்சேலையைக் கொண்டுவந்து முந்தானையில் பெயர் பொறிக்கச் சொல்பவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பும் துணிவும் வேண்டும், ஏனெனில் பட்டு கருகினால் அதை ஈடுசெய்ய வழியில்லை.

ஆகவே முதற் பாடம் துணியை அறிவது. கடையில் வெட்டி எறியும் துண்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து இழைகளை உருவி, குறட்டில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே மெழுகுதிரியில் காட்டச் சொல்லுங்கள். காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் அது பருத்தி. சுருண்டு உருகி முனையில் கறுத்த மணியாக இறுகினால் பொலியெஸ்டர் அல்லது நைலோன். தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. கலப்புத் துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்து வரும். விலைச்சீட்டில் கொட்டன் என்று எழுதியிருப்பதை நம்பி வேலையை ஏற்றவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

படிப்பைப் பொறுத்தவரை, இந்த விருப்பத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழக அனுமதியை விட்டுவிட வேண்டாம். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் கிடைத்தால், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் அறிவு நேரடியாக உதவும். ஆடை வடிவமைப்பில் பட்டம் வேண்டுமானால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதையும் வரைதிறன் பார்க்கப்படும் என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளட்டும். அனுமதி கிடைக்காவிட்டால், தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தரும் ஆடைத் தயாரிப்புப் பாடநெறியொன்றில் 4ஆம் மட்டம் வரையாவது முடிக்கட்டும். 7 மட்டங்கள் கொண்ட அந்த ஏணியில் பட்டமட்டம் வரை ஏறிச் செல்ல இடமுண்டு. எந்தப் பாடநெறி எப்போது தொடங்கும் என்பதை யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் நேரே விசாரித்துக்கொள்ளுங்கள். தையல் தெரியாமல் இந்தத் தொழிலுக்குள் வருவதை நான் ஆதரிக்கமாட்டேன். துணியின் நேர்நூல், குறுக்குநூல், இழுவை ஆகியவற்றைத் தைத்தவரின் கை அறிந்திருக்கும்; லேசர் மேசையில் துணியைச் சுருக்கமில்லாமல் விரிப்பதற்கே அந்த அறிவு வேண்டும்.

இயந்திரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மாமா விலைப்பட்டியல் அனுப்பத் தொடங்கியிருப்பார். மலிவாகக் கிடைக்கும் சிறிய திறந்த இயந்திரங்கள் பெரும்பாலும் 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலக்கதிரைத் தரும் டயோட்டு வகை. வெளிறிய துணி அந்தக் கதிரைப் பெருமளவில் திருப்பித் தெறிக்கச் செய்யும். காபனீரொட்சைட்டு லேசரின் 10.6 மைக்ரோமீற்றர் கதிரைத் துணி நிறம் பாராமல் உறிஞ்சுவதால் ஆடைவேலைக்கு அதுவே பொருத்தம். ஆனால் கதிர் உருவாகும் அதன் கண்ணாடிக் குழாயை ஓடும் தண்ணீர் குளிர்விக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் வாழும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் எப்படி வெள்ளையாகப் படிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே படிவு குழாய்க்குள் சேர்ந்தால் விலைகூடிய பாகம் விரைவில் போய்விடும். காய்ச்சி வடித்த நீரும், எங்கள் வெயிலில் அதைக் குளிராக வைத்திருக்கும் தனிக் கருவியும் வேண்டும். விலைப்பட்டியலில் இவை சேர்ந்திருக்கின்றனவா, குழாய் பழுதானால் மாற்றுக்குழாய் கொழும்பில் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. நீலக்கதிர் கண்ணின் விழித்திரையை ஒரு கணத்தில் சுட்டுவிடும்; அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி அணியாமல் திறந்த இயந்திரத்தின் அருகே தம்பியையோ தங்கையையோ நிற்க விடக்கூடாது. காபனீரொட்சைட்டுக் கதிரைத் தடுக்கும் தெளிந்த அக்கிரிலிக் மூடி, நீலக்கதிரை ஊடுருவ விட்டுவிடும். ரெக்சின் போன்ற பி.வி.சி. பூசிய துணிகளை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது. அவற்றிலிருந்து வரும் ஐதரசன் குளோரைட்டு வாயு நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒன்றாக அரிக்கும். புகையை வெளியேற்றும் விசிறியும் தீயணைப்புக் கருவியும் அறையில் இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது சமையலறைக்குப் போய்வரும் பழக்கம் வேண்டாம், ஏனெனில் பருத்தி தீப்பிடிக்க அதிக நேரம் எடுக்காது.

மாமாவிடம் மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்துக்கான பணத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டு, இப்போதைக்கு நல்ல கணினியொன்றுக்கும் பாடநெறிச் செலவுக்கும் உதவுமாறு கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் பிள்ளை வரையப் பழகட்டும். பெயர்ப்பலகைக்கோ நினைவுச்சின்னத்துக்கோ லேசர் வைத்திருப்பவர் ஒருவரிடம் மணித்தியாலக் கூலி பேசி, பழைய டெனிம் களிசானின் காலை விரித்து, வலுவையும் வேகத்தையும் படிப்படியாக மாற்றிச் சிறு சதுரங்களைச் சுடுவித்து, ஒவ்வொன்றின் அளவையும் கொப்பியில் எழுதிவைக்கட்டும். அந்தத் துண்டைச் சில முறை துவைத்த பின், சதுரங்களை இருபுறமும் இழுத்துப் பார்த்து, எது தாங்கியது எது கிழிந்தது என்பதையும் குறித்துக்கொண்டு மகளை என்னிடம் அழைத்து வாருங்கள். எந்த இயந்திரம், அதன் வலு எத்தனை வாற்று என்பதை அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு பேசுவோம்.