சீனாவை விட்டுவிட்டு பராகுவே ஏன் தைவானோடு நிற்கிறது?

உலக உருண்டையில் தைவானின் தலைநகர் தைபேயில் ஒரு ஊசியைக் குத்தி நடுமையம் வழியாக மறுபக்கம் இழுத்தால், அது ஏறக்குறைய பராகுவேயில்தான் வெளிவரும். அவ்வளவு தூரம்! ஆனாலும் 1957 முதல் இரண்டுக்கும் தூதரக உறவு இருக்கிறது. தென் அமெரிக்காவில் தைவானை அங்கீகரிக்கும் ஒரே நாடு பராகுவேதான்.

ஆரம்பத்தில் இணைத்தது கம்யூனிச எதிர்ப்பு. பராகுவேயில் ராணுவ ஆட்சியாளர் ஸ்ட்ரோஸ்னர், தைவானில் சியாங் கை ஷேக். தலைநகர் அசுன்சியோனில் சியாங் பெயரில் ஒரு சாலையே உண்டு. 1971இல் ஐ.நா.வில் தைவான் வகித்துவந்த சீனாவின் இருக்கை பெய்ஜிங்குக்கு, அதாவது சீன அரசுக்குப் போனதும் பல நாடுகள் அணி மாறின. பராகுவே மாறவில்லை. 1989இல் ஸ்ட்ரோஸ்னர் வீழ்ந்த பிறகும்கூட மாறவில்லை.

சரி, இன்று என்ன லாபம்? அசுன்சியோனின் நாடாளுமன்றக் கட்டடமே தைவான் நிதியில் எழுந்தது. பராகுவேயின் மாட்டிறைச்சிக்கும் தைவான் முக்கியமான சந்தை.

ஆனால் விலையும் உண்டு. தைவான் தன்னுடைய பகுதி என்று சொல்லும் பெய்ஜிங், அதை அங்கீகரிக்கும் நாட்டோடு தூதரக உறவு வைத்துக்கொள்வதில்லை. சோயாவும் மாட்டிறைச்சியும் விளைவிப்பவர்களுக்கு இதனால் சீனச் சந்தை எட்டாமல் போகிறது. அவர்களுடைய மனக்குறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். 2023 தேர்தலில் இதுவே பெரிய விவாதமானது. எதிர்க்கட்சி வேட்பாளர் அலெக்ரே உறவை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னார்; தொடர்வேன் என்ற சாந்தியாகோ பெஞா வென்றார். அதே ஆண்டு மார்ச்சில் ஹோண்டுராஸ் பெய்ஜிங் பக்கம் போய்விட்டதால், தைவானுக்கு பராகுவேயின் அருமை இன்னும் கூடியிருக்கிறது.