போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகுமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அண்ணன் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் காவி. வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் பாதிக்குமா? காய்ச்சிக் குடித்தால் போதும் என்கிறார் மாமியார். தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்."

முதலில், போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். கொதிக்கும்போது கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட, மிச்சத்தில் ஃபுளோரைடின் அளவு ஏறும்.

மூளை விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. ஃபுளோரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். மெக்சிகோவில் ஏறக்குறைய 300 தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-ல் வெளியானது. கர்ப்பத்தில் தாயின் சிறுநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் கூடுதலாக இருந்தால், 6 முதல் 12 வயதில் பிள்ளையின் ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) சராசரியாக 2.5 புள்ளி குறைவாக இருந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் ஐக்யூ குறைவதோடு தொடர்பு இருப்பதாக அமெரிக்க அரசின் நச்சியல் திட்டமும் 2024-ல் சொன்னது. உங்கள் தண்ணீர் அந்த அளவைத் தாண்டியது. ஆனால் இவை பல பிள்ளைகளின் சராசரிக் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு இன்னது ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இதுவரை குடித்ததை நினைத்து உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மூளை வளர இன்னும் ஐந்து மாதம் முழுதாகக் கையில் இருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பிரச்சினைக்காக வந்ததுதான். ஆனால் பல வீடுகளில் குடிக்க மட்டும் அந்தத் தண்ணீர், உலைக்குப் போர் தண்ணீர். இங்கேதான் தவறு நடக்கிறது. சோறும் களியும் தண்ணீரை அப்படியே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். குடிக்க, உலை வைக்க, களி கிண்ட, டீ போட எல்லாவற்றுக்கும் அதுதான். கிருமிக்குப் பயமென்றால் அதைக் காய்ச்சுங்கள். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும். தோல் வழியாக ஃபுளோரைடு ஏறாது. வடிகட்டி வாங்குவதானால் ஆர்.ஓ. வாங்குங்கள். சாதாரண கேண்டில் ஃபில்டர் இதற்கு உதவாது.

பால், கேழ்வரகு, கீரையை விடாதீர்கள்; கால்சியம் குடலிலேயே ஓரளவு ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். கடுந்தேநீரையும் கருப்பு உப்பையும் குறையுங்கள், இரண்டிலும் ஃபுளோரைடு உண்டு. சமையலுக்கு அயோடின் உப்புதான் வேண்டும். அடுத்த செக்கப்பில் தைராய்டு பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பு அவசியம்.

அப்புறம், பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுங்கள். அதில் ஃபுளோரைடு மிகக் குறைவாகவே இறங்கும். ஒருவேளை பால் பவுடர் கலக்க நேர்ந்தால், போர் தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள்.